மைலோ டின்னும் கடற்கரை நடைபாதையும்

பினாங்குத் தீவின் வடகரையில், ஒரு பழைய கடல் சுவர் ஓரமாக உட்கார்ந்து தூண்டில் போடும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிளாஸ்டிக் ஸ்டூல், வாளி, ஒரு பொட்டலம் நாசி லெமாக்கோடு வந்துவிடுவார். ஸ்டூலைப் போடுவதற்கு முன் தூண்டில் கம்பின் அடிப்பக்கத்தால் நடைபாதைக் கல்லை மூன்று நான்கு இடத்தில் தட்டிப் பார்ப்பார், கடையில் தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிற மாதிரி. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னண்ணே, கல்லு முத்திருச்சா?"

"சிரி தம்பி, சிரி. டக்குன்னு கேட்டா உட்காரலாம். டொம்முன்னு கேட்டா அடியில ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்."

இந்தக் கட்டுரை அந்த 'டொம்' பற்றித்தான். புயலுக்குப் பிறகு கடற்கரை நடைபாதை இடிந்து கிடக்கும் படம் போனில் வரும்போதெல்லாம், அலை வந்து அடித்தது, பாதை உடைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நான் இன்ஜினியர் கிடையாது, பல வருஷம் ஒரு சின்னக் குத்தகையாளரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்து கால்வாய்ச் சுவர்களும் கரைச் சுவர்களும் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அந்த அளவில், இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டே இராதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், கடற்கரை நடைபாதை என்பது என்ன? மேலே நடக்கிறவருக்கு அது மலைப்பாறை மாதிரி ஒரே கட்டியாகத் தெரியும். உண்மையில் அது ஒரு பெட்டி. கடல் பக்கம் ஒரு சுவர், கருங்கல்லோ கான்கிரீட்டோ. அந்தச் சுவருக்கும் நிலத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் மணல், சரளை, மண், சில இடங்களில் இடித்த வீட்டுச் செங்கல் என்று எதையாவது கொட்டி நிரப்பியிருப்பார்கள். அதன் மேலே ஓடு அல்லது கான்கிரீட் பலகை. நாம் நடப்பது பெட்டியின் மூடி மேல். மூடியைத் தாங்குவது உள்ளே இருக்கிற மண். சுவர் என்று ஒன்று இருப்பதே அந்த மண்ணைப் பிடித்து வைக்கத்தான். அந்த மண் போய்விட்டால் மூடி எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். என் மகளுக்கு நான் செய்து காட்டியதுதான். ஒரு காலி மைலோ டின்னை எடுத்து, அடிப்பக்கமாகப் பக்கவாட்டில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். உள்ளே ஈர மணலை இறுக்கி நிரப்பி, மேலே ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை வையுங்கள், அதுதான் நடைபாதை. பிஸ்கட் மேல் ஒரு ரப்பர் பொம்மையை நிற்க வைத்தால் இன்னும் நல்லது. இப்போது டின்னை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரத்துக்கு இறக்குங்கள், தூக்குங்கள், மறுபடி இறக்குங்கள். தண்ணீர் பிஸ்கட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ஓட்டை வழியாகக் கலங்கின தண்ணீர் கொஞ்சம் வெளியே வரும், வாளியின் அடியில் மணல் சேரும். பத்துத் தடவைக்கு ஒன்றும் தெரியாது. இருபதுக்கும் தெரியாது. பிஸ்கட் அதே இடத்தில், பொம்மை அதே இடத்தில். முப்பதாவதோ நாற்பதாவதோ தடவை, திடீரென்று பிஸ்கட் ஒரு பக்கம் சாய்ந்து பொம்மை உள்ளே விழும். "அப்பா, கடைசியா தூக்கினப்ப என்ன தப்பு பண்ணுனீங்க?" என்று மகள் கேட்டாள். கடைசி தடவையில் நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. எல்லா அலையும் சேர்ந்து செய்த வேலைக்குக் கடைசி அலை பேர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதற்கு நிஜமான ஊர் ஒன்றைச் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவைப் பார்த்தபடி அபெரிஸ்ட்வித் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோர நடைபாதை, அதன் ஒரு முனையில் கான்ஸ்டிடியூஷன் ஹில் என்ற குன்று. நடந்து அந்த முனை வரை போகிறவர்கள் அங்கே இருக்கிற இரும்புக் கம்பியைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 2014 ஜனவரி முதல் வாரத்தில் அட்லாண்டிக்கிலிருந்து அடுத்தடுத்து வந்த புயல்கள் அந்த நடைபாதையைப் பிய்த்துப் போட்டன. கடலோர விடுதிகளில் இருந்த மாணவர்களை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். கரையில் கிடந்த கூழாங்கற்கள் எல்லாம் சாலைக்கு வந்துவிட்டன. நடைபாதையில் மக்கள் உட்கார்ந்து கடல் பார்க்கிற பழைய நிழற்கூடம் ஒன்று, பாதுகாக்கப்பட்ட கட்டடம், அது ஒரு பக்கமாக இறங்கிச் சாய்ந்து நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அலை அதைத் தள்ளி வீழ்த்தவில்லை. அதன் காலடியில் இருந்த சுவரை உடைத்து உள்ளே இருந்ததைக் கடல் தோண்டி எடுத்துக்கொண்டது, கூடம் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. பிறகு பழைய பொருள்களையே முடிந்தவரை திரும்பப் பயன்படுத்தி அதைக் கட்டி எழுப்பினார்கள்.

சரி, மண் எப்படி வெளியே போகிறது? மூன்று வழி இருக்கிறது. மேல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரிய அலை சுவரைத் தாண்டி நடைபாதை மேல் விழும். ஒரு கன மீட்டர் கடல் தண்ணீர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, கிட்டத்தட்ட ஒரு மைவி காரின் எடை. அது மேலிருந்து விழுந்து, ஓடுகளைப் பெயர்த்து, சுவருக்குப் பின்னால் இருக்கிற மண்ணில் இறங்கும். டிவியில் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் கேமராவுக்குத் தெரிவது இதுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற இரண்டும்.

ஒன்று, சுவரின் பாதம். செங்குத்தான சுவரில் அலை மோதினால் அதன் பலம் எங்கேயும் போய்விடுவதில்லை. பாதி மேலே தெறிக்கும், பாதி திரும்பிக் கடலுக்குப் போகும். திரும்பும் அலையும் அடுத்து வரும் அலையும் சுவருக்கு முன்னால் சந்திக்கும்போது அங்கே தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்கு எழும்பி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் அடியில் இருக்கிற மணலைக் கலக்கி எடுத்துவிடும். கடற்கரையில் அலை வந்து போகிற இடத்தில் கால் ஊன்றி நின்றிருக்கிறீர்களா? குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து, நாம் நிற்கிறபடியே பின்னால் சாய ஆரம்பிப்போம். சுவருக்கும் அதே கதிதான். அலை எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழத்துக்குப் பாதத்தில் பள்ளம் விழும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களின் பழைய கைக்கணக்கு. சுவரின் அடித்தளம் அந்தப் பள்ளத்தை விட ஆழமாகப் போகவில்லை என்றால், சுவருக்கு அடியிலேயே ஒரு கதவு திறந்துவிடும். அந்தக் கதவு வழியாகப் பெட்டிக்குள் இருக்கிற மண் கடலுக்குப் போகும். இதில் சோகம் என்னவென்றால், புயல் ஓய்ந்தபின் கடலே அந்தப் பள்ளத்தை மறுபடி மணலால் மூடிவிடும். மறுநாள் தண்ணீர் வற்றினபோது போய்ப் பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும்.

இன்னொன்று, சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கடல் சுவர் விழுந்தால் எந்தப் பக்கம் விழும்? அலை நிலத்தைப் பார்த்துத் தள்ளுகிறது, அதனால் நிலத்துப் பக்கம் விழும் என்றுதான் யாரும் சொல்வார்கள். நிறையச் சுவர்கள் கடல் பக்கமாகத்தான் விழுகின்றன. கடல் ஏறி நிற்கும்போது, அலையும் மழையும் சேர்ந்து சுவருக்குப் பின்னால் இருக்கிற மண்ணைத் தண்ணீரால் ஊற வைத்துவிடும். அப்புறம் கடல் இறங்கும். முன்பக்கம் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் போய்விட்டது, பின்பக்கம் ஊறிய மண்ணும் தண்ணீரும் அப்படியே கனத்து நின்று வெளியே தள்ளுகின்றன. இதற்காகத்தான் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஒரு பிவிசி குழாய்த் துண்டு எட்டிப் பார்க்கும். தண்ணீர் வடிகிற வழி அது. அதில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டாலும், சிப்பி ஒட்டி மூடிக்கொண்டாலும், யாராவது அழகுக்காகச் சிமெண்டு பூசிவிட்டாலும் சுவருக்கு மூச்சுத் திணறும். சிமெண்டு பூசியதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஓட்டை திறந்திருந்தால் மட்டும் போதுமா? போதாது, மைலோ டின் ஞாபகம் இருக்கட்டும். தண்ணீர் போக வேண்டும், மண் போகக் கூடாது. மாமாக் கடையில் கோப்பி போடுகிறவர் நீளமான துணி வடிகட்டியில் தூளைப் போட்டு ஊற்றுகிறாரே, கோப்பி கீழே இறங்குகிறது, தூள் துணியிலேயே நிற்கிறது. சுவருக்குப் பின்னால் அதே வேலையைச் செய்ய ஒரு கனமான துணி விரிப்பார்கள். பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும், சைட்டில் நாங்கள் ஜியோடெக்ஸ்டைல் என்போம். துணி இல்லாத காலத்தில் பெருங்கல், அதற்குப் பின்னால் சின்னக் கல், அதற்கும் பின்னால் சரளை, கடைசியில் மணல் என்று அடுக்கடுக்காக வைத்து அதே காரியத்தைச் செய்தார்கள். இந்த வடிகட்டி இல்லாத சுவர், எவ்வளவு தடிமனாக இருந்தாலும், ஓட்டை போட்ட டின்தான். மொத்தச் செலவில் இந்தத் துணியின் விலை ஒன்றுமே இல்லை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

விரிசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சிமெண்டு உதிர்ந்து இடைவெளி விழுந்திருக்கும்போது அலை அடித்தால், அங்கே இருக்கிற காற்றும் தண்ணீரும் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும். உடைந்து விழும் அலை சுவரில் மோதுகிற அந்தக் கண் இமைக்கும் நேரத்தில், சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல் அழுத்தம் அளந்திருக்கிறார்கள். அந்த அழுத்தம் இடைவெளி வழியாகக் கல்லுக்குப் பின்னால் போய், அலை பின்வாங்கும்போது கல்லை வெளியே தள்ளும். மேலும், தண்ணீருக்குள் கான்கிரீட் தன் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் இழந்துவிடும். வெளியே அசைக்க முடியாத கல், தண்ணீருக்குள் அத்தனை கனம் இல்லை. ஒரு கல் போனால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போச்சு, பல் விழுந்த இடத்துக்குப் பக்கத்துப் பல் ஆடுகிற மாதிரி.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். அபெரிஸ்ட்வித்தில் அடிக்கிற மாதிரி அலை பினாங்கில் அடிக்காது. அலை வளர்வதற்குக் காற்று பலமாக இருக்க வேண்டும், நீண்ட நேரம் வீச வேண்டும், அதைவிட முக்கியமாக ஓடி வர இடம் வேண்டும். அட்லாண்டிக் அலைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிடைக்கிறது. நமக்கு மேற்கே சுமத்ரா குறுக்கே படுத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலை மறைத்துவிடுகிறது. திறந்திருப்பது வடமேற்கு மூலை மட்டும், அந்தமான் கடல் பக்கம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பூமியின் சுழற்சி காற்றைச் சுருட்டுவதற்குப் போதாததால் பெரும் புயலும் இங்கே அபூர்வம். 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது, அது நடந்ததே வானிலைக்காரர்களுக்கு ஆச்சரியம்.

நமக்கு வருவது வேறு ரகம். மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில், நடுராத்திரிக்குப் பிறகோ விடியற்காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து ஒரு கறுப்புக் கோடு மாதிரி மேகம் கிளம்பி நீரிணையைத் தாண்டி வரும். அதற்குப் பெயரே சுமத்ராதான். ஒரு மணி, இரண்டு மணி நேரம் பேய்க்காற்று, மழை, துணி காயப்போட்ட கம்பி பக்கத்து வீட்டில், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வெயில். அலைகள் பெரிதாக இருக்காது, ஆனால் குட்டையாக, நெருக்கமாக, நாலைந்து வினாடிக்கு ஒன்றாக அடிக்கும். ஐந்து வினாடிக்கு ஒன்று என்றால் இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேல். வாளியில் டின்னை முக்கி எடுத்தோமே, அது ஆயிரத்து நானூறு தடவை.

இதோடு கடல் பெருக்கும் சேர்ந்துகொண்டால்தான் வினை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் வழக்கத்தை விட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். தெலுக் பஹாங்கில் மாசி மகத்துக்குக் கடலில் தீபம் விடப் போனவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் தண்ணீர் நிறைந்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பினாங்கில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம். அபெரிஸ்ட்வித்தில் 4 மீட்டர் அளவுக்கு இருக்கும். புயலில் காற்றழுத்தம் குறைந்தாலும் கடல் எழும்பும், அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய சூறாவளியில் அது அரை மீட்டரைத் தாண்டும், நம் சுமத்ராவில் விரல்கடை அளவுதான். ஆகவே இங்கே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. அதே காற்று தண்ணீர் வற்றின நேரத்தில் அடித்தால் அலை தூரத்திலேயே சேற்றில் உடைந்து போகும், பெருக்கு நேரத்தில் அடித்தால் நடைபாதை மேல் வந்து விழும்.

ஏன் தூரத்தில் உடையும்? அலைக்கு ஒரு வரம்பு உண்டு. தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே, சரியாகச் சொன்னால் சுமார் 0.78 பங்கு, அதைவிட உயரமாக அலை நிற்க முடியாது, கவிழ்ந்துவிடும். சுவர் அடியில் 1.3 மீட்டர் தண்ணீர் இருந்தால் அதிகபட்சம் 1 மீட்டர் அலைதான் சுவரைத் தொட முடியும். இப்போது கடல் மட்டம் 20 செ.மீ. கூடினால்? ஆழம் 1.5 மீட்டர், அலை 1.17 மீட்டர். என்ன, ஒரு சாண் கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அலையின் பலம் உயரத்தின் வர்க்கத்தில் கூடும், அதனால் மோதும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. உலகக் கடல் மட்டம் 1900க்குப் பிறகு சராசரியாக 20 செ.மீ.க்கு மேல் ஏறியிருக்கிறது. பாட்டன் காலத்துச் சுவர் இப்போது அடிக்கடி தொல்லை கொடுப்பதில் வயசு ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

இந்த இடத்தில் சுனாமியைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள், அந்த நாளை மறக்க முடியாது. ஆனால் அது காற்று எழுப்பிய அலை அல்ல, கடலடி நிலநடுக்கம் முழுத் தண்ணீரையும் தள்ளியது. நடைபாதைச் சுவரை அதற்காகக் கட்டுவதும் இல்லை.

அலை ஆழத்தைப் பொறுத்தது என்றால், சுவருக்கு முன்னால் கடலை ஆழமில்லாமல் வைத்திருப்பதே முதல் பாதுகாப்பு. அதைச் செய்வது மணலும் சேறும். கர்னி டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் போட்ட கடலோரச் சாலை, 1951ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் பெயர் பின்னால் வந்தது. சின்ன வயதில் அந்தச் சுவரில் உட்கார்ந்து பசெம்போர் சாப்பிட்டால் பெருக்கு நேரத்தில் முதுகில் சாரல் அடிக்கும். பிறகு தஞ்சோங் தொக்கோங் பக்கம் கடலைத் தூர்த்தார்கள், நீரோட்டம் மாறியது, கர்னி முன்னால் சேறு படிய ஆரம்பித்தது. நாற்றம், கொசு, அசிங்கம் என்று எல்லோரும் திட்டினோம், நானும் திட்டினேன். அந்தச் சேற்றில் தானாகவே அலையாத்திச் செடிகள்கூட முளைத்தன. ஆனால் சுவரின் கோணத்திலிருந்து பார்த்தால் அது யாரும் செலவு செய்யாமல் கிடைத்த மெத்தை, அலை சுவர் வரை வருவதற்குள்ளேயே களைத்துப் போகும். இப்போது அதற்கும் முன்னால் கடலைத் தூர்த்துக் கர்னி பே பூங்கா வந்துவிட்டது. கடலின் அடியை வாங்கும் வேலை புதுக் கரைக்குப் போய்விட்டது.

எதிர்ப்பக்கக் கதைக்குப் புதுச்சேரி. அங்கே 1980களில் தெற்கே துறைமுகத் தடுப்புகள் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே நின்றுபோய், ஊருக்கு முன்னால் இருந்த கடற்கரை காணாமல் போனது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கல் மேல் கருங்கல்லாகக் கொட்டினார்கள். ஊருக்குப் போய் வந்தவர்கள் எடுத்த படத்தில் மணல் இல்லாமல் பாறை மட்டும் தெரிவது அதனால்தான். பிறகு கடலுக்குள் ஒரு மூழ்கிய தடுப்பை வைத்ததும் ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது.

கருங்கல் குவியல் ஏன் என்று கேட்பீர்கள். வழவழப்பான சுவர் அலையைத் திருப்பி அடிக்கிறது, அதனால் தன் பாதத்தைத் தானே தோண்டிக்கொள்கிறது என்று பார்த்தோம். கற்குவியலில் அலை நூறு சந்துக்குள் புகுந்து, சுற்றி, சோர்ந்து வெளியே வரும். பினாங்குத் தீவே கருங்கல் மலை என்பதால் நமக்கு அந்தக் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. குறை என்னவென்றால், கல்லில் இறங்கி யாரும் கால் நனைக்க முடியாது, எலிக்குத்தான் கொண்டாட்டம்.

உடைந்த பிறகு சரிசெய்வது எவ்வளவு வேலை என்பதற்கு இங்கிலாந்தின் டாலிஷ் நல்ல உதாரணம். கடல் சுவர் மேலேயே ரயில் ஓடுகிற ஊர். 2014 பிப்ரவரி தொடக்கத்தில், அதே குளிர்காலப் புயல் வரிசையில், சுவர் உடைந்து மண்ணெல்லாம் போய், தண்டவாளம் மட்டும் ஏணி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. மேலும் உடையாமல் இருக்கச் சரக்குக் கன்டெய்னர்களில் கல்லும் கான்கிரீட்டும் நிரப்பி வரிசையாக முன்னால் வைத்தார்கள். ராப்பகலாக வேலை செய்து ஏப்ரல் 4ல்தான் ரயில் ஓடியது. பல வருஷம் கழித்து எழுப்பிய புதுச் சுவரின் மேல் விளிம்பு கடல் பக்கம் வளைந்திருக்கும், ஏறி வரும் தண்ணீரைச் சுருட்டி வந்த வழியே அனுப்ப.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் நடந்தது வேறு. எந்த இடம், யார் வேலை என்பது வேண்டாம். நடைபாதையில் நாலு ஓடு இறங்கிவிட்டது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்குக் குகை, டார்ச் அடித்தால் மறுகோடியில் தண்ணீர் மின்னியது, ஒரு நண்டு ஓடியது. என்னை விட்டிருந்தால் முதலில் சுவரின் பாதத்தில் கதவு எங்கே என்று தேடியிருப்பேன். மேலிடம் லாரியில் கான்கிரீட் வரவழைத்துக் குகையை நிரப்பச் சொன்னது, மேலே புது ஓடு, ஒரு செடித்தொட்டி. மாலைக்குள் படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. ஆறு மாதத்தில் பத்தடி தள்ளி ஏழு ஓடு இறங்கியது. நிரப்பிய கான்கிரீட் கட்டி அப்படியே இருந்தது, அதைச் சுற்றியிருந்த மண்தான் இல்லை. கதவைப் பூட்டாமல் வீட்டுக்குள் சாமான் வாங்கிப் போட்ட கதை. செடித்தொட்டி மட்டும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தது.

இதெல்லாம் தெரிந்தபின் நடைபாதையில் நடந்தால் கண் வேறு மாதிரி பார்க்கும். மழை விட்டபின் சுவருக்கு இணையாக நீளமாகத் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே மூடி இறங்க ஆரம்பித்திருக்கிறது. விளக்குக் கம்பம் ஒன்று மட்டும் வரிசையை விட்டுச் சாய்ந்திருந்தால் அதன் காலடியைச் சந்தேகப்படலாம். தண்ணீர் வற்றும் நேரத்தில் எட்டிப் பாருங்கள், வடிகுழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது, தே தாரிக், அதாவது பால் டீ நிறத்தில் வந்தால் மண் போய்க்கொண்டிருக்கிறது. சுவரின் அடியில், சிப்பி ஒட்டாத, பாசி பிடிக்காத, புதிதாக வெளியே தெரிகிற கான்கிரீட் ஒரு பட்டையாக இருந்தால், அது வரை மணல் இறங்கிவிட்டது என்று பொருள். நகராண்மைக்கழகத்துக்குப் படம் அனுப்பினால், அளவு தெரிய ஒரு குடையைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், தண்ணீர் ஏறுகிற நேரமா இறங்குகிற நேரமா என்றும் எழுதுங்கள். "ரோடு மோசம்" என்று மட்டும் அனுப்பினால் ஓடு மாற்றத்தான் ஆள் வரும்.

புயல் நேரத்தில் மட்டும் இதையெல்லாம் பார்க்கப் போக வேண்டாம். ஏழாவது அலைதான் பெரிது, எண்ணிக்கொண்டு நின்றால் தப்பிக்கலாம் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. அலைகள் கூட்டமாக வரும், நடுவில் ஓய்வு விடும், அந்த ஓய்வில்தான் ஆட்கள் செல்பி எடுக்க முன்னால் போவார்கள். ஆயிரம் அலையில் ஒன்று, மற்ற பெரிய அலைகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். எது அந்த ஒன்று என்று அதற்கே தெரியாது. காற்று நின்ற மறுநாளும் ஓரமாக நடக்காதீர்கள், மூடி அப்படியே இருக்கும், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

போன ஞாயிறு நானும் அந்த அண்ணனோடு போயிருந்தேன். வழக்கமாக உட்காரும் இடத்தில் தட்டினார், டொம். இரண்டு எட்டு தள்ளித் தட்டினார், டொம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாளியையும் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம், அங்சானா மரத்தடிக்குப் போய்விட்டார்.

"அங்கேருந்து மீன் எப்படிண்ணே பிடிப்பீங்க?"

"இன்னிக்கு நாசி லெமாக் மட்டும் சாப்பிடுவோம் தம்பி."